மக்காசருக்கு எதிரான துணி

போன வாரம் சென்னைக்குப் போகும் ஏசி சேர் காரில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், அது இருமலாக மாறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி, "ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். எண்பதைத் தாண்டிய ஒருவன் காரணம் சொல்லாமல் சிரித்தால் வீட்டிலிருப்பவர்களுக்கு முதலில் மாத்திரைதான் ஞாபகம் வருகிறது.

காரணம், முன் சீட்டின் தலைமாட்டில் தொங்கிய வெள்ளைத் துணி. என் சீட்டிலும் ஒன்று இருந்தது. பதினெட்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம் இருக்கும். டேப் வைத்துப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், அந்த அளவு எனக்கு மனப்பாடம். அந்தத் துணிக்கு இங்கிலீஷில் ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு அர்த்தம் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் என் வேலை ஊசலாடியது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரையை விசாரிக்கிற இந்த அம்மாளோடு நடக்கவிருந்த கல்யாணமும் கூடவே சேர்ந்து ஊசலாடியது.

எனக்கு இந்தப் பக்கம் ஓர் இளைஞன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தான். அவன் தலையிலிருந்து ஏதோ பழவாசனை அடித்தது, ஷாம்புவாக இருக்க வேண்டும். நான் வேலைக்குப் போன அறுபதுகளில் திருப்பூரில் ஆண்பிள்ளைத் தலை என்றால் எண்ணெய் வாசம்தான். எண்ணெய் வைக்காத தலையோடு ஒருவன் தெருவில் வந்தால் அவன் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து விசாரிப்பார்கள். எங்கள் முதலாளி சென்னியப்பன் தலையில் வைக்கும் எண்ணெயில் ஒரு சின்னக் குடும்பம் இரண்டு வேளை பலகாரம் சுட்டுவிடலாம். காது மடலில் வழியும். அதைத் துடைத்துவிட்டு, அதே விரலால் கடுதாசியைத் தொட்டுப் பார்ப்பார். எங்கள் ஆபீஸ் கடுதாசிகள் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் ஊடுருவும்.

முதலாளி கரும்புக் காட்டை விற்று, வீரபாண்டிப் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்று பிடித்து, நாலு பின்னல் மெஷின் போட்டுப் பனியன் கம்பெனி ஆரம்பித்தவர். பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனால் இங்கிலீஷின்மீது அவருக்கு இருந்த பக்தி, இங்கிலீஷ் தெரிந்த எவருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. பெங்களூர், விஜயவாடா, கல்கத்தா என்று வெளியூர் வியாபாரிகளின் கடுதாசி இங்கிலீஷில்தான் வரும். அதற்காக ஓர் இங்கிலீஷ் கிளார்க் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். பல்லடத்திலிருந்து பஸ் ஏறிப் போய் நான் நின்றேன். வயது இருபத்திரண்டு, டைப்பிங் ஹையர் பாஸ்.

"இங்கிலீசு எவ்வளவு தெரியுமுங்க தம்பி?"

"எல்லாமே தெரியுமுங்க."

"எல்லாமேன்னா?"

"படிக்க, எழுத, பேச, எல்லாமேங்க."

ஆறு மாதம் பழகிப் பார்ப்பது, பிறகு நிரந்தரம் என்று பேச்சு. அந்தச் சமயத்தில்தான் பல்லடத்தில் நாலு தறி வைத்திருந்த ஒருவர் வீட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "மாப்பிள்ளைக்கு வேலை நெலையாகட்டுமுங்க, அப்பறம் தேதி வெக்கலாம்" என்று சொல்லியிருந்தார். ஆகவே நான் சொன்ன அந்த 'எல்லாமே' என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் என் அலுவல்களைக் கேளுங்கள். டைப் அடிப்பது, கடுதாசி படிப்பது, காலண்டரில் தேதி கிழிப்பது, பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியாக ஒன்று, அதைத்தான் நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. முதலாளியின் பிரம்பு நாற்காலிக்குத் துணி மாற்றுவது. அவர் தலை சாய்கிற இடத்தில் பிரம்பு எண்ணெய் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. அது சட்டையில் ஒட்டாமலிருக்க, கட்டிங்கில் விழுகிற பனியன் துண்டு ஒன்றை நாலு பக்கமும் மடித்துத் தைத்து, நாற்காலி முதுகில் போட்டு வைத்திருப்பார்கள். தினமும் காலையில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையது எண்ணெயில் ஊறிக் கனமாக இருக்கும். இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சலவைக்கூடையில் போடுவேன். இதை ஏன் இங்கிலீஷ் கிளார்க் செய்ய வேண்டும் என்றால், மேசை நாற்காலியெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமான், ஆகவே அவை இங்கிலீஷ் இலாகாவைச் சேர்ந்தவை என்பது முதலாளியின் பிரிவினை. டைப்பிங் ஹையர் படித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று அந்த வயதில் மனதுக்குள் குமுறினேன். அந்தத் துணிக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. 'அந்தத் துணி' என்போம், அவ்வளவுதான்.

கடுதாசி படிப்பது எங்கள் கம்பெனியில் ஒரு சடங்கு. பத்தரை மணிக்குத் தபால் வரும். முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வருவார். ஊர் ஊராகப் பனியன் மூட்டை கொண்டுபோய் விற்கிற கபூர் பாய் ஊரிலிருந்தால் அவரும் வந்து பெஞ்சில் உட்காருவார். நான் நின்றுகொண்டு முதலில் முழுக் கடுதாசியையும் இங்கிலீஷிலேயே படிக்க வேண்டும். யாருக்கும் ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் கச்சேரி கேட்கிற மாதிரி தலை ஆடும். சில இடத்தில் முதலாளி, "அந்த வரிய இன்னொருக்கா படிங்க" என்பார். அப்புறம்தான் தமிழ்.

இந்தத் தமிழில்தான் நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு புகார்க் கடுதாசியை உள்ளது உள்ளபடி சொன்னேன். எல்லார் முகமும் வாடிவிட்டது. முதலாளி அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. மாஸ்டர் என்னை, கடுதாசியை எழுதியவனே நான்தான் என்பதுபோல் பார்த்தார். எங்கள் சீமையில் ஒருவனை அடிக்கப் போகும்போதுகூட "அடிச்சுப்போடுவேனுங்க" என்று முன்கூட்டி மரியாதையாகத் தெரிவிப்பதுதான் வழக்கம். இங்கிலீஷ்காரன் பாஷையில் அந்த 'ங்க' கிடையாது. அதைச் சேர்த்துக் கொடுப்பது மொழிபெயர்ப்பாளனின் கடமை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'ங்க' சேர்க்க ஆரம்பித்தால் அது ஓர் எழுத்தோடு நிற்காது. கூடவே சர்க்கரையும் வரும்.

விஜயவாடா வியாபாரி ஒருவர், உங்கள் பனியன் ஒரே துவைப்பில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது, வாடிக்கைக்காரர் முன்னால் எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் இப்படிச் சொன்னேன்: "தொவைச்சா நம்ம பனியன் கொஞ்சம் பணிவாயிருதுங்களாமா."

"பணிவு நல்லதுதானுங்களே" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமல்.

அவரே மறுபடி எழுதினார், இப்படியே போனால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று. "மத்த கம்பெனிகளையெல்லாம் பாத்தாருங்களாமா, நம்மளயும் நெனச்சுக்கிட்டாருங்களாமா" என்றேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடுதாசி வரவில்லை. முதலாளி ஒருநாள் கவலையோடு, "விஜயவாடாக்காரரு இப்பெல்லாம் ஏனுங்க எழுதறதில்ல? ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டார். யாவாரம் ஜாஸ்தியா இருக்கும், நேரம் இருக்காது என்றேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்படி ஐந்து மாதம் ஓடியது. ஆறாவது மாதம் ஒரு திங்கட்கிழமை கபூர் பாய் நீலகிரியிலிருந்து ஒரு கடுதாசியைக் கையோடு கொண்டுவந்தார். குன்னூர்ப் பக்கம் மலைமேல் துரைமார்களின் பழைய கிளப் ஒன்று. துரைமார்களில் பெரும்பாலோர் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும் போக மனமில்லாமல் அங்கேயே செக்ரட்டரியாக இருந்தாள். பாய் கொண்டுபோன பனியன் துணியைத் தொட்டுப் பார்த்துப் பிடித்துப்போய் எழுதியிருந்தாள். கையெழுத்து கோலம் போட்ட மாதிரி இருந்தது.

கண் மூடி, தலை ஆடி, சடங்கு ஆரம்பமாயிற்று. உங்கள் வெள்ளைப் பனியன் துணியில், பதினெட்டுக்குப் பதினைந்து அங்குலத்தில், நாலு பக்கமும் சாதாரண மடிப்புத் தையலுடன், எங்களுக்குப் பத்து டஜன் ஆன்டிமக்காசர் தேவைப்படுகிறது. மாதிரியை அடுத்த வாரம் வியாழக்கிழமை நேரில் கொண்டுவந்து காட்டவும். இவ்வளவுதான் கடுதாசி. அந்தச் சொல் வந்த இடத்தில் எனக்குள் ஏதோ வழுக்கியது. வெளியே காட்டிக்கொள்ளாமல், அதுவரை எந்தச் சொல்லையும் அப்படி உச்சரித்ததில்லை என்கிற கம்பீரத்தோடு படித்தேன். முதலாளி அந்த வரியை மூன்று தரம் படிக்கச் சொன்னார்.

"அந்த ஆன்டி என்னமோங்கறாங்களே, அது என்னங்க?"

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வினாடிதான் இருந்தது. அந்த வினாடியில் என் கண்முன் பல்லடத்துத் தறிக்காரர் வெற்றிலை மென்றார்.

"அது ஒரு தினுசு உடுப்புங்க."

"எங்க போடற உடுப்புங்க?"

"உள்ளுக்குள்ளதானுங்க."

மாஸ்டர் சந்தேகமாகப் பார்த்தார். கையில்லை, கழுத்தில்லை, சதுரமாக ஒரு துண்டு. அதை உள்ளுக்குள் எங்கே போடுவது? கபூர் பாய் நல்ல மனுஷர். "வியாழக்கெழமைக்கு முன்னால நானே ஒருக்கா மேல போயி, இது என்னதுங்கம்மான்னு கேட்டுட்டு வந்தர்றனே" என்றார். நான் பதறிப்போய், அப்படிக் கேட்டால் நம் கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றேன். முதலாளிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "அதெப்புடிங்க பாய் கேக்கறது? நம்ம தம்பி எதுக்கு இருக்குதுங்க?" என்று முடித்துவிட்டார்.

தேடல் ஆரம்பமாயிற்று. ஆபீஸ் டிக்‌ஷனரி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. அதில் ஆன்ட்லர் என்கிற மான் கொம்புகூட இருந்தது, ஆன்டிமக்காசர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பல்லடத்தில் ரிட்டயர்டு ஆகி இருந்த என் பழைய ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததாக அவர் சர்வீஸில் பதிவாகவில்லை. காகிதத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்டி என்றால் எதிர்ப்பு" என்றார். அது எனக்கே தெரியும். இந்தி எதிர்ப்புக் காலம், அந்தச் சொல் அப்போது ஊர்ச் சுவரெல்லாம் இருந்தது.

"மக்காசர்னா என்னங்கய்யா?"

"எதனை எதிர்க்கிறோமோ அதுதான் மக்காசர்" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதை இப்போது நினைத்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அப்போது எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் கைகொடுத்தார். ஆன்டி என்று ஆரம்பித்தால் அது வைத்திய சம்பந்தம்தான், தன்னிடம் அலமாரி நிறைய ஆன்டி இருக்கிறது என்றார். குளிர் பிரதேசம், உள்ளுடுப்பு, சதுரத் துணி, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மக்காசர் என்பது மலையில் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற ஒரு நெஞ்சுச் சளி, அதற்கு மார்பில் கட்டுகிற துணி இது என்று தீர்ப்பு வழங்கினார். எனக்குப் போன உயிர் வந்தது. நான் சொன்ன பொய்க்கு வைத்தியத் துறையே சாட்சி சொல்கிறபோது அது எப்படிப் பொய்யாகும்?

மாஸ்டர் உற்சாகமாகிவிட்டார். சளிக்கு என்றால் ஒற்றைத் துணி போதாது என்று இரட்டையாக வெட்டினார். கழுத்தில் கட்ட இரண்டு நாடா, முதுகில் கட்ட இரண்டு நாடா. கடுதாசியில் நாடா இல்லையே என்று நான் முனகியதற்கு, "நாடா இல்லாம நெஞ்சுல எப்படிங்க நிக்கும்? அந்தம்மா எழுத மறந்திருப்பாங்க" என்றார். எங்கள் கம்பெனியில் எந்தப் புது உருப்படி வந்தாலும் முதலில் முதலாளிதான் போட்டுப் பார்ப்பார். அன்றும் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மாஸ்டர் நாடாவைக் கட்டினார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து பார்த்தார்கள். மீசை வைத்த பெரிய குழந்தை ஒன்று யாராவது சோறூட்டக் காத்திருப்பது மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்த ஊர்.

"நெஞ்சுக்கு நல்லா இதமா இருக்குதுங்க" என்றார் முதலாளி. பல வருஷமாக இருமிக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கு ஒன்று கட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அவர், "சளி இருந்த எடமே தெரியலீங்க சாமி" என்று சொல்லிவிட்டு இருமினார். உடனே ஆறு டஜன் தைத்துவிடும்படி முதலாளி உத்தரவு போட்டார். நான் அந்த வாரம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. பத்து டஜன் ஆர்டர் போனால் போகட்டும், இங்கிலீஷ் தெரியாதவன் என்று கண்டுபிடித்துவிட்டால் பல்லடத்துக்கு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது? அந்தக் கவலையோடுதான் தினமும் காலையில் நாற்காலியிலிருந்து எண்ணெய்த் துணியை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டிருந்தேன், வேறொன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை முதலாளியே கிளம்பிவிட்டார். வெள்ளைக்கார அம்மாளோடு நான் இங்கிலீஷில் பேசுவதைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. கபூர் பாய், நான், மடியில் நெஞ்சுத் துணி மூட்டை. பஸ் சீட்டில் சாய முதலாளிக்கு அவருடைய துணி வேண்டும், ஆகவே ஒன்று பஸ்ஸுக்கு, ஒன்று உபரி என்று இரண்டை மஞ்சள் பையில் வைத்திருந்தேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஏற, தைல மர வாசம் வந்தது. எல்லாருக்கும் அது இதமாக இருந்திருக்கும். நான் அந்தச் சொல்லையே வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கிளப்பின் கூடத்தில் ஆளை விழுங்குகிற மாதிரி பெரிய நாற்காலிகள். சுவரில் ஒரு காட்டெருமைத் தலை எங்களைப் பார்த்தது. வெள்ளை உடுப்புப் போட்ட வயதான பட்லர் ஒருவர், அவிநாசிப் பக்கத்துக்காரராம், "அம்மா இப்ப வந்துருவாங்க, உக்காருங்க" என்றார். முதலாளி உட்கார்ந்தார். பயணக் களைப்பில் பழக்கப்படி தலையைப் பின்னால் சாய்க்கப் போனார்.

"ஐயா, ஐயா, ஒரு நிமிசமுங்க!" பட்லர் ஓடிவந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து, நாற்காலி முதுகில் விரித்தார். "கோவிச்சுக்காதீங்க. இந்த நாற்காலிக்கு ஆன்டிமக்காசர் கிழிஞ்சுபோச்சுங்க. எல்லாத்துக்குமே நைஞ்சுபோச்சு. அது இல்லாமச் சாஞ்சா தல எண்ணெ ஒட்டிக்குமுங்க, அம்மா என்னத்தான் வைவாங்க."

கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலி முதுகிலும், தலை படுகிற இடத்தில், ஓட்டை விழுந்து பழுப்பேறிய ஒரு துணி. டிக்‌ஷனரிக்கும் ஹெட்மாஸ்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெரியாத சொல்லை, எழுதப் படிக்கத் தெரியாத அவிநாசி மனுஷர் தக்காளி என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். ஐந்தரை மாதமாகத் தினமும் காலையில் என் இரண்டு விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது அதுதான். என் வாழ்க்கையில் அதைவிட அவமானமான நிமிஷம் ஒன்று இல்லை.

முதலாளி நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த மூட்டையை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாடாக்களைப் பார்த்தார். கபூர் பாய் காட்டெருமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, அந்த மஞ்சப் பையில என்ற நாற்காலித் துணி இருக்குதுங்களா?" முதலாளி குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணு புதுசா இருக்குதுங்க."

"எடுத்து வெளிய வைங்க."

கிழவி வந்தாள், எலும்பும் கம்பளியுமாக. துணியை வாங்கி இழுத்துப் பார்த்தாள், மடிப்புத் தையலைத் தடவினாள், ஒரு நாற்காலியில் போட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். ஏதோ சொன்னாள்.

"என்னங்கறாங்க?" என்றார் முதலாளி.

"நான் கேட்டது இதுதான்னு சொல்றாங்க." அந்த முதல் வாரத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன முதல் வரி அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் என் மூட்டையைச் சுட்டிக்காட்டி அது என்ன என்று கேட்டாள். நான் நாடாக்களை மூட்டைக்குள் திணித்தேன். முதலாளிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. "கொழந்தைக வாயில எச்சி ஒழுகுமில்லீங்களா, அதுக்குக் கழுத்துல கட்டறதுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். கிழவி சிரித்து, பட்லரின் பேரனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் முதலாளி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் பதினான்கு வளைவையும் இறங்கி முடித்தது. அடிவாரத்தில் கல்லாறு வந்த பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமுங்களே கண்ணு?"

அதுவரை தம்பி என்றவர் கண்ணு என்றதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரியலீங்க" என்றேன். பதினோரு நாள் தாமதமாக வந்த பதில்.

"அப்ப விஜயவாடாக்காரரு பணிவாயிருதுன்னு எழுதுனாருன்னு படிச்சீங்களே. அது என்னங்க?"

அவர் அதை எப்படி இதனோடு கோத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "சுருங்குதுன்னு எழுதியிருந்தாருங்க. பாதியாயிருதுன்னு. ரெண்டாவது கடுதாசில, வேற கம்பெனி பாத்துக்கறேன்னு."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கபூர் பாய் மெல்ல, "அவரு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, அப்பிடித்தானே தம்பி?" என்றார்.

சனிக்கிழமை காலை மெஷின் எதையும் ஓட்டவில்லை. ஐந்தரை மாதக் கடுதாசி முழுவதையும் மேசைமேல் எடுத்து வைக்கச் சொன்னார். "எல்லாத்தயும் மறுபடி படிங்க. 'ங்க' போடாமப் படிங்க" என்றார்.

செய்து பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். முதலாளி எதிரில் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "உன் பனியன் சுருங்குகிறது, உன் தையல் பிரிகிறது, நீ அனுப்பிய டஜனில் பதினொன்றுதான் இருக்கிறது" என்று நெற்றியடியாகச் சொல்ல வேண்டும். எனக்கு வியர்த்து ஊற்றியது. மாஸ்டர் நடுவில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். முதலாளி அன்று கண்ணை மூடவில்லை, தலையும் சாயவில்லை. நாற்காலித் துணி சாயங்காலம் வரைக்கும் போட்டது போட்டபடி வெள்ளையாகவே இருந்தது. கடைசிக் கடுதாசி முடிந்தபோது அவர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"உங்க மேல மட்டும் தப்பில்லீங்க. நானுந்தானே கண்ண மூடிக் கேட்டுட்டிருந்தேன்."

திங்கட்கிழமை முதல், துணியைக் கட்டிங்குக்கு முன்பே நனைத்து உலர்த்தும் வேலை ஆரம்பமாயிற்று. விஜயவாடாவுக்கு நான் டைப் அடித்த மன்னிப்புக் கடுதாசியில் ஓர் அலங்காரச் சொல் கிடையாது. இரண்டு மாதம் கழித்து அவர் பதில் எழுதினார், சுருக்கமாக. அதையும் சர்க்கரை போடாமல் படித்தேன். எனக்கு வேலை போகவில்லை. ஆறாவது மாதக் கடைசியில் முதலாளி பல்லடத்துத் தறிக்காரருக்கு ஆள் விட்டு, "பையனுக்கு வேலை நிரந்தரமுங்க. தெரியாததத் தெரியலைன்னு சொல்லிப் பழகிட்டாரு" என்று சொல்லியனுப்பினாராம். இது என்ன தகுதி என்று புரியாமல் என் மாமனார் கல்யாணம் முடிகிற வரைக்கும் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

அந்த ஆறு டஜன் நெஞ்சுத் துணி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கம்பெனியில் வேலை செய்தவர்களின் குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். பிறகு அதையே தைத்து விற்கவும் செய்தோம். வீரபாண்டிப் பக்கம் ரொம்ப வருஷம் எச்சில் துணிக்கு மக்காசர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "கண்ணுக்கு மக்காசர் கட்டாமயா தூக்கிட்டுப் போறீங்க?" என்று பெண்கள் கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். என் மூத்த மகள் மக்காசர் கட்டித்தான் கீரைச்சாதம் சாப்பிட்டாள். மக்காசர் என்பது ஏதோ தூரதேசத்துத் துறைமுகம், அதன் பெயரில் ஒரு தலை எண்ணெய் விற்றார்கள், அந்த எண்ணெயிலிருந்து நாற்காலியைக் காப்பாற்ற வெள்ளைக்காரப் பெண்கள் போட்ட துணி அது என்று பெரிய டிக்‌ஷனரி ஒன்றில் படித்தபோது எனக்கு ஐம்பது வயது.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த எக்ஸ்போர்ட் ஆபீஸ் நிற்கிறது. முதலாளி காலமான பிறகு பிரம்பு நாற்காலியைப் பழைய சாமானோடு போட்டுவிட்டார்கள். குழந்தைகளுக்கு எச்சில் துணி ஆன்லைனில் வருகிறது, மக்காசர் என்றால் வீரபாண்டியில் யாருக்கும் தெரியாது. கடுதாசி படிக்கிற சத்தமும் போயிற்று. எங்கேயோ ஒரு தேசத்திலிருந்து எவனோ திட்டி எழுதினால் அவரவர் போனில் அவரவர் தனியாகப் படித்துக்கொள்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதும் போயிற்று. என் விஷயத்தில் எண்ணெயோடு முடியும் போயிற்று.

அந்த இளைஞன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்ன அங்கிள், தனியா சிரிக்கறீங்க?" என்றான். முன் சீட்டுத் துணியைக் காட்டி, இது எதற்குப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா தம்பி என்று கேட்டேன். அவன் ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஏசி குளிர் கழுத்துல ஏறாம இருக்க அங்கிள். மெடிக்கல் ரீசன்" என்றான். போனில் பார்க்கக்கூட இல்லை. அப்படியே என் இருபத்திரண்டு வயதுக் குரல்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லிப் பழகு கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லவில்லை. அவன் ஆபீஸில் போய்த் தெரியவில்லை என்று சொன்னால், கேட்டுவிட்டு வேலையை நிரந்தரமாக்குகிறவர் யார் இருக்கிறார்? எனக்கு ஒருவர் இருந்தார். அவருடைய துணியை நான் இரண்டு விரலால் பிடித்தேன்.

தலையைப் பின்னால் சாய்த்தேன். என் மனைவி மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிக் கையில் வைத்துவிட்டு, "இப்பவாச்சும் சொல்லுங்க, எதுக்குச் சிரிச்சீங்க?" என்றாள். அந்தத் துணியை நான்தான் மாற்றினேன் என்பதை அறுபது வருஷத்தில் முதல்தடவையாக அவளிடம் சொன்னேன்.